மணிப்பூட்டும் மூச்சு வாத்தியாரும்

காசு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருகிற ஆளை நான் என்றைக்கும் நம்பியதில்லை. அந்த மூச்சு வாத்தியார் எங்கள் கண்டனூர் வீட்டுக்கு வந்த முதல் நாளே அப்படித்தான் சொன்னான். பள்ளத்தூரில் பிள்ளைகளுக்கு ட்ரில் சொல்லிக்கொடுக்கிற ஆள். நாற்பது வயது இருக்கும். தாடி இல்லை, காவி இல்லை, கழுத்தில் ஒரு ருத்ராட்சக் கொட்டை கூட இல்லை. வெள்ளை வேட்டி, பித்தான் அறுந்த கோட்டு, கையில் குடை, கக்கத்தில் சுருட்டிய பாய். யோகம் சொல்லித்தர வந்திருக்கிறேன் என்றான். சாமியாராக வந்திருந்தால் போலிச் சாமியார் என்று ஒரே சந்தேகத்தோடு நிறுத்தியிருப்பேன். இவனை என்னவென்று சந்தேகப்படுவது என்றே தெரியாததால் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சந்தேகப்பட்டேன்.

வரச் சொன்னது என் கணவர்தான். பர்மாவில் மூன்று வருஷம் கடை பார்த்துவிட்டு அந்தத் தை மாதம்தான் திரும்பியிருந்தார். அங்கே கலகம், கடை எரிந்துவிட்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை என்று முன்னாலேயே கடிதம் வந்திருந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதினவன் கையை ஒடிக்க வேண்டும். வந்த மனுஷனுக்குக் கதவு சாத்தினால் ஆகாது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் முற்றத்து ஓரத்தில், வானம் தெரிகிற இடத்தில்தான். மாசியில் ஒரு நாள், அவர் உள்ளே இருப்பது தெரியாமல் வேலைக்காரி நெல் அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள். நாங்கள் ஓடிப்போய்த் திறந்தபோது கதவெல்லாம் ரத்தம். இரண்டு விரலில் நகம் இல்லை. அங்கே என்ன நடந்தது என்று எத்தனை தடவை கேட்டேன். ஒரு வார்த்தை வராது. என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான்.

அன்றைக்கு மாமியார் முடிவு சொல்லிவிட்டார். மாமனார் காலமான பிறகு அந்த வீட்டில் அவர் சொன்னதுதான்.

"ஆடி பெறக்கட்டும் ஆத்தா. கோயில்ல கொண்டுபோய் விட்டுருவோம். வேற வழி தெரியல எனக்கு."

புத்தி பேதலித்தவர்களைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்து, சாமி உத்தரவு வரும்வரை விட்டுவிடுகிற கோயில் அது. சாத்தின கதவுக்கே நகத்தைப் பிய்த்துக்கொண்டவரைச் சங்கிலியில் கட்டினால் என்ன மிஞ்சும்? மாமியாரிடம் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை, அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். ஆடிக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

பங்குனியில் ஒரு துக்கத்துக்குப் பள்ளத்தூர் போன என் கணவர், திரும்பி வந்து, "நாளையிலேர்ந்து ஒருத்தர் வருவாரு, மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவாரு" என்றார். பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து மூச்சு விடச் சொல்லிக்கொண்டிருந்தானாம். இவர் வேலி ஓரத்தில் நின்று பார்த்தாராம். மூச்சு விட ஒரு வாத்தியார். பிறந்த பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்குவான். முற்றத்தில் பாயை விரிப்பான். "நாலு எண்ணி இழுங்க, எட்டு எண்ணி விடுங்க" என்பான். அது கூடப் பரவாயில்லை. கடைசியில் மல்லாக்கப் படுக்கவைத்து, "செத்த பொணம் மாதிரி கெடங்க. ஒரு விரல் கூட அசையக் கூடாது" என்றானே பார்க்கலாம். நான் தாலி கட்டிக்கொண்டவள் நின்றுகொண்டிருக்கிறேன், என் கண் எதிரில் என் புருஷனைப் பிணமாகப் படுக்கச் சொல்கிறான். அவன் பஸ் ஏறினதும் உப்பும் மிளகாயும் எடுத்து அவருக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. அப்படியானால் கண்ணேறு பெரிசு என்று அர்த்தம். மறுநாளும் சுற்றினேன்.

அவன் காப்பி குடிக்கமாட்டான். பலகாரம் தொடமாட்டான். தண்ணீர் மட்டும் கேட்பான். பித்தளைச் சொம்பில் கொடுப்பேன். பழசில் ஒன்று, அடி நசுங்கினது.

என் பயம் எதில் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணமான கையோடு மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வீடுதான், ஆனால் எங்களுக்கென்று தனி அடுப்பு, தனி அறை. அந்த அறையில்தான் என் பிறந்த வீட்டார் வைத்த சீர் எல்லாம் இருந்தது. வெள்ளிக் குடம், வெள்ளித் தட்டு, குத்துவிளக்கு, பெட்டி பெட்டியாகப் பாத்திரம். அறைக் கதவுக்கு மணிப்பூட்டு. சாவியைத் திருப்பினால் கிணிங் என்று உள்ளே ஒரு மணி அடிக்கும். யாராவது கள்ளச்சாவி போட்டால் வீடு முழுக்கக் கேட்கட்டும் என்று அப்படிச் செய்வார்கள். வீட்டில் நாலு மருமகள் அறை, நாலு பூட்டு, நாலு விதமான மணி. எந்த மணி யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம். அறையை விட்டு அடுப்படிக்குப் போனாலும் பூட்டிவிட்டுத்தான் போவோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகத் திருப்பிவிடும். என் சாவி ஒன்றே ஒன்று. அது என் இடுப்பில்.

இந்த ஆள் என்ன செய்தான் தெரியுமா? முதல் வாரம் முற்றத்தில் பாய் விரித்தான். அடுத்த வாரம் தூணுக்கு இந்தப் பக்கம், கூரைக்குக் கீழே. சித்திரையில் எங்கள் அறை வாசலுக்கு நேராக. வைகாசியில் ஒரு நாள், "ஆச்சி, அறையத் தெறந்து விடுறீகளா? உள்ள வச்சுச் செய்வோம்" என்றான். என் அடிமடியில் கை வைக்கிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கணவர் வேறு, "தெறந்து விடு" என்றார். முதல் நாள் கதவு முழுக்கத் திறந்திருந்தது. நாலு நாள் கழித்து முக்கால். பிறகு பாதி. அங்குலம் அங்குலமாகக் கதவைச் சாத்திக்கொண்டு என் வெள்ளிச் சாமானுக்குப் பக்கத்தில் போகிறான்.

போதாததற்கு ஒரு நாள் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி ஆச்சி?"

"எதுக்குக் கேக்குறீக?"

"இல்ல, உள்ள இருந்து தெறக்க முடியுமான்னு பாத்தேன்."

"முடியாது" என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். சாவி எத்தனை, உள்ளிருந்து திறக்குமா என்று கேட்கிறவன் யோகியா? நீங்களே சொல்லுங்கள்.

மாமியாரிடம் போய்ச் சொன்னேன். "புருஷன் ரெண்டு வாய் நல்லாத் திங்கிறான். அது பொறுக்கலையா ஒனக்கு?" என்றார். அது உண்மைதான். கொஞ்சம் தூங்கினார், கொஞ்சம் தின்றார். அதனால்தான் எனக்கு இன்னும் பயம். தேறுகிற மாதிரி காட்டி நம்பவைத்து, ஒரு நாள் சுருட்டிக்கொண்டு போய்விட்டால், அவர் மறுபடியும் விழுந்துவிடுவார். அப்புறம் சங்கிலிதான்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அறைக்குள் வாசலை ஒட்டின மாடக்குழியில் ஒரு வெள்ளிச் சொம்பை வைத்தேன். என் அம்மா கொடுத்தது, நல்ல கனம், கோட்டுப் பைக்குள் அடங்கும். அதன் வாயைத் தூண் பக்கம் பார்க்கச் சாய்த்து, வைத்த இடத்தை மனசில் குறித்துக்கொண்டேன். பத்து நாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். சொம்பு அசையவில்லை. கெட்டிக்காரன், அவசரப்படமாட்டான் என்று நினைத்தேன்.

ஆனி கடைசியில் ஒரு காலை. பாத்திரம் துலக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், அறைக் கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறது. அன்றுவரை அப்படிச் சாத்தியதில்லை. மெல்லத் தள்ளி, ஒரு விரல் இடுக்கில் பார்த்தேன். மாடக்குழி காலி. சொம்பைக் காணோம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கதவை இழுத்துச் சாத்தினேன். இடுப்புச் சாவியை எடுத்தேன், திருப்பினேன். கிணிங். திருடனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, பின்கட்டுக்கு ஓடினேன்.

மாமியார் மோர்மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தார். "அயித்த, வாங்க. ஆளைப் பிடிச்சாச்சு. சொம்பை எடுத்துட்டான், உள்ள வச்சுப் பூட்டிட்டேன்" என்றேன். அவர் அப்படியே சுவரில் சாத்தியிருந்த உலக்கையைத் தூக்கிக்கொண்டார். இரண்டு எட்டு வைத்தவர் நின்றார்.

"எம்மவன் எங்கடி?"

அவரும் உள்ளேதான் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வாத்தியார் வந்தால் அவரும்தானே உள்ளே இருப்பார். ஆனால் பூட்டுகிற நேரத்தில் என் புத்தியில் சொம்பு மட்டும்தான் இருந்தது. எத்தனை வருஷமாகக் கை தானாகத் திருப்புகிறதோ, அப்படியே திருப்பிவிட்டது. நெல் அறைக் கதவில் பார்த்த ரத்தம் கண் முன்னால் வந்தது. பாவி, சங்கிலி போட வேண்டாம் என்று நாலு மாதமாக வேண்டிக்கொண்டவள் நானே பூட்டுப் போட்டுவிட்டேன்.

இரண்டு கட்டுகளையும் தாண்டி எப்படி ஓடிவந்தோம் என்று தெரியாது. அறை வாசலில் சத்தமே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். அப்போது உள்ளேயிருந்து வாத்தியார் குரல் கேட்டது. "எட்டு எண்ணி விடுங்க. மெதுவா. எண்ணிக்கையை விட்டுறாதீக." பிறகு என் கணவர் மூச்சு விடுகிற சத்தம். விட்டு விட்டு, நடுங்கி, ஆனால் எண்ணி விடுகிற மூச்சு.

சாவியைத் துவாரத்தில் வைத்தேன். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"இந்தா. நிக்கிறியா?"

"நிக்கிறேன்" என்றேன்.

"சாவி ஒங்கிட்டத்தானே இருக்கு?"

"என்கிட்டத்தான் இருக்கு."

"அப்பச் சரி. தெறக்காத. இன்னும் இருபது மூச்சு இருக்கு. முடிச்சுட்டுச் சொல்றேன்."

மாமியார் கையிலிருந்த உலக்கையைத் தரையில் வைத்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் சாவியைப் பிடித்தபடி நின்றேன். இருபது மூச்சையும் நானும் எண்ணினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நேரத்தைப் பார்த்ததில்லை. "ம், தெற" என்று குரல் வந்ததும் திருப்பினேன்.

அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. மடியில் என் வெள்ளிச் சொம்பு, அதில் பாதித் தண்ணீர். தொண்டை வறண்டால் குடிக்க, அவரே எடுத்து வைத்திருக்கிறார்.

அப்போதுதான் பர்மாவில் நடந்த கதையைச் சொன்னார். கலகக்காரர்கள் வருகிறார்கள் என்றதும், கூட இருந்த ஆள், உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று இவரைக் கடைக்குள் வைத்து வெளியே பூட்டியிருக்கிறான். சாயங்காலம் வந்து திறக்கிறேன் என்று போனவன் வரவே இல்லை. இரண்டு நாள். பக்கத்துக் கடை எரிந்து புகை உள்ளே வந்திருக்கிறது. தீயை அணைக்க வந்தவர்கள் பூட்டை உடைத்து இவரை வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் இந்தக் கடையும் எரிந்திருக்கிறது.

"இன்னைக்கு மணி அடிச்சதும் உசுரே போயிருச்சு" என்றார் என்னைப் பார்த்து. "அப்புறம்தான் உறைச்சுச்சு, இது நம்ம அறை மணியாச்சேன்னு. நீ பூட்டுனா நீ வந்து தெறப்ப. அதை நெனச்சுக்கிட்டேதான் எண்ணுனேன்."

சட்டென்று வாத்தியார் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லித்தானே பூட்டுனா?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். வாசலில் கிடந்த உலக்கையைப் பார்த்தார். பிறகு அந்தச் சொம்பை எடுத்து மாடக்குழியில் வைத்தார். வைத்தவர், அதன் வாயைத் தூண் பக்கம் பார்க்கச் சாய்த்து, நான் வைத்திருந்த மாதிரியே வைத்தார்.

"ஆமா. இன்னைக்குப் பாடம் அதுதான்" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அந்தச் சொம்பைத் திருடிக்கொண்டு போயிருந்தால் கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. மறுநாள் தண்ணீரை அந்த வெள்ளிச் சொம்பில்தான் கொடுத்தேன். குடித்துவிட்டு, கீழே வைக்காமல், என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

ஆடி பிறந்தது, கோயிலுக்கு யாரும் போகவில்லை. ஆவணியில் என் கணவர் மறுபடியும் கப்பல் ஏறினார். கப்பலின் கீழ்த்தட்டில் கதவு சாத்தித் தூங்கினேன் என்று எழுதியிருந்தார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதைதான். என் பொண்டாட்டி பூட்டுப் போட்டாளே, அதில்தான் எனக்குச் சுகமாச்சு என்று பெருமையாகச் சொல்லுவார். கேட்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் காப்பி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். ஒரு தடவை போகவிடாமல் கையைப் பிடித்து உட்காரவைத்து, அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"பூட்டிட்டு நிக்கையில ஒனக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு" என்றேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான் என்னால் பொய் இல்லாமல் சொல்ல முடிந்தது.