மூன்று குடும்பப்பெயர் உள்ள வீடு

மல்கிரேவ் என்ற வெளிநாட்டுப் புறநகரில் தாட்சாயினியின் வீட்டுக்கு மூன்று குடும்பப்பெயர்களில் கடிதம் வரும். அவள் தாட்சாயினி அருந்தவன். அருந்தவன் அவளுடைய அப்பா. படிக்க வந்தபோது கடவுச்சீட்டில் இருந்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. புருஷன் சுஜீதன் தன் அப்பாவின் பெயரைச் சுமக்கிறான். மகள் வினுஷா சுஜீதன். யாழ்ப்பாணத்தில் இதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே, மகளைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடிய நாளில், கவுண்டரில் இருந்தவள் இவளை ஏற இறங்கப் பார்த்து, பிள்ளைக்கு நீங்கள் யார் என்று கேட்டாள். இடுப்பில் பிள்ளை அனுங்க, பெற்றவள் நான்தான் என்று நிரூபிக்கவேண்டி வந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அவள் வேலை செய்த கம்பனி, வீடுகளுக்கு மருந்து அனுப்பும் செயலி ஒன்றை நடத்தியது. செயலி வெளியே போகுமுன் சோதித்துப் பார்த்து, சரி அல்லது பிழை என்று பதிவது அவள் பொறுப்பு. முதலாளி கபிலனும் நம்மூர்க்காரர்தான். அவருக்குத் திடீரென்று ஆபிரிக்கா மேல் காதல் பிறந்தது. இங்கே ஓடுகிற செயலியை அப்படியே தூக்கி உகண்டாவில் வைத்தால் போதுமாம். இங்கே வென்றது எங்கேயும் வெல்லும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாய் கூசாமல் சொன்னார். உகண்டாவில் அவர் கால் வைத்ததே இல்லை.

செயலியில் ஒரு விதி இருந்தது. ஒருவருடைய மருந்தை இன்னொருவர் வாங்குவதென்றால் இருவருக்கும் ஒரே குடும்பப்பெயர் இருக்கவேண்டும். உகண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வேலைக்கு எடுத்திருந்த நகாட்டோ என்ற பெண் வீடியோ அழைப்பில் பொறுமையாக விளக்கினாள். தங்கள் ஆட்களிடம் பிள்ளைக்குக் குலப்பெயர்களில் ஒன்றை வைப்பார்கள். அப்பனுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு வேறொரு பெயர். இந்த விதியோடு வந்தால் ஒரு தாய் தன் பிள்ளையின் இழுப்புக்கு மருந்து எடுக்க முடியாது என்றாள். கபிலன் கேட்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, சனம் போகப் போகப் பழகிவிடும் என்றார்.

தாட்சாயினி தன் மேசைக்குப் போய், சோதனைக்கென்று தான் உண்டாக்கி வைத்திருந்த பொய்க் குடும்பங்களைத் திறந்து பார்த்தாள். அப்பா ஸ்மித், அம்மா ஸ்மித், பிள்ளை ஸ்மித். எல்லாக் குடும்பமும் அப்படித்தான். தன் வீட்டைப் போல ஒரு வீட்டைக்கூட அவள் போடவில்லை. கவுண்டரில் கண் கலங்கி நின்றவளுக்கே அது தோன்றவில்லையே என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

வெளியீட்டுக் கூட்டத்தில், நகாட்டோவும் அழைப்பில் இருக்க, தாட்சாயினி பெரிய திரையில் ஒரு புதுக் குடும்பத்தைப் பதிந்தாள். நோயாளி, விக்னராஜா முருகேசு. மருந்து வாங்குபவர், கபிலன் விக்னராஜா. கபிலனின் அப்பாவான அந்த விக்னராஜா அங்கிளை மல்கிரேவில் தெரியாத தமிழர் இல்லை. கடைசிக் காலத்தில் அவருக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில், பெயர் பொருந்தவில்லை என்று தன்னை நிறுத்திவைத்த கதையைக் கபிலனே தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இவர் உங்கள் குடும்பத்தவர் அல்ல என்று திரை சிவப்பில் சொன்னது. கபிலன் கதிரையில் சாய்ந்தார்.

"அப்பா செத்து எவ்வளவு காலம், தாட்சா. அவருக்கு இனி மருந்து தேவையில்லை. நீர் ஏன் இதைப் பெரிசாக்கிறீர்? அடுத்த கட்டத்தில பாப்பம்."

பெற்ற தகப்பனை இவ்வளவு லேசாகத் தள்ளிவிடுகிற மனிதரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"அங்க பிள்ளையள் உயிரோட இருக்குதுகள், அண்ணை," என்றாள். பிழை என்று பதிந்தாள்.

கபிலன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். முதலாளிக்கு எல்லாவற்றையும் மாற்றுகிற உரிமை உண்டு. பிழை என்றிருந்தது சரி என்று மாறியது. கம்பாலாவில் நகாட்டோ கமராவை அணைத்துவிட்டாள். அனுமதித்தவர் என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர் விழுந்தது: கபிலன் விக்னராஜா.

தள்ளிவிட்ட அப்பாவின் பெயராலேயே அவர் அனுமதி கொடுத்திருந்ததைத் தாட்சாயினி திரையில் ஒருமுறை வாசித்தாள். கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள்.