குழாயடிக்கு வந்த துறைமுகக் குரல்

கொழும்புத் துறைமுகத்தில், கப்பலில் இருந்து பாரந்தூக்கி இயந்திரத்தால் சாமான் இறக்கும் வின்ச்சுக்காரனுக்கு ‘தூக்கு’, ‘இறக்கு’ என்று கீழே நின்று குரல் கொடுப்பதுதான் ஜாபிரின் தொழில். 1937இல் அரிசி மூட்டையொன்று சறுக்கி விழுந்து இடது காலை நசுக்கிவிட்டது. வேலை போனது. கொச்சிக்கடையில் தம்பி மர்ஸூக்கின் வீட்டில் ஆறு மாதம் இருந்தார். அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை; ஆனாலும் சும்மா இருந்து சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை.

அப்போது வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம், போக்கிடம் இல்லாதவர்களுக்கென்று சில ஆசிரியர்களும் வியாபாரிகளும் சேர்ந்து பதினெட்டு வீடுகளோடு ஒரு சின்னக் கிராமம் அமைத்திருந்தார்கள். வாடகை இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்காக ஏதாவது வேலை செய்ய வேண்டும்.

“உங்களுக்கு என்ன வேலை தெரியும்?” என்று, இடம் கேட்டு வந்த ஜாபிரிடம் கேட்டார் பொறுப்பாளர் நாகேஸ்வரி டீச்சர்.

“கத்தத் தெரியும், டீச்சர். வேற ஒண்டும் தெரியாது.”

டீச்சர் சிரித்துவிட்டார். “இருங்கோ, பாப்பம்” என்று கடைசி வீட்டைக் கொடுத்தார்.

மறுநாள் காலை குழாயடியில் சண்டை. ஊருக்கே ஒரு குழாய்தான். தையற்காரி றஞ்சிதமும் அப்பம் சுடும் ருக்கியாவும் ஒரே குடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

“நிப்பாட்டு!” என்றார் ஜாபிர், தன் வாசலில் இருந்தபடியே. தென்னையில் இருந்த காகங்கள் கூடப் பறந்துவிட்டன. “முதலாம் வீடு முன்னுக்கு வா! ரெண்டாம் வீடு ரெடி!” அரை மணித்தியாலத்தில் எல்லாக் குடமும் நிறைந்தது. அன்றே டீச்சர் குழாயை அவர் பொறுப்பில் விட்டார்.

மூன்றாம் நாள் றஞ்சிதம் கைக்குழந்தையோடு வந்தாள்.

“அண்ணை, ஒழுங்கு நல்லாத்தான் கிடக்கு. ஆனா நீங்கள் போடுற சத்தத்தில என்ர பிள்ளை திடுக்கிட்டு எழும்புது.”

ஜாபிருக்கு முகம் தொங்கிப்போனது. அவரிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதானே? இருந்து யோசித்தார். இயந்திர இரைச்சலில் குரல் எடுபடாத நேரம் துறைமுகத்தில் கையைத்தானே காட்டினோம்! மறுநாள் முதல் குழாயடியிலேயே இருந்துகொண்டு கை காட்டினார்: விரலை உயர்த்தினால் ‘வா’, உள்ளங்கையைத் தாழ்த்தினால் ‘போதும்’, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் ‘நில்’. ஒரு கிழமையில் கிராமமே பழகிவிட்டது. டீச்சர் கூட்டத்தில் நீட்டிப் பேசினால், பின்னுக்கு இருந்து ருக்கியா முட்டியைக் காட்டுவாள்.

பெருநாளுக்கு மர்ஸூக் வண்டி பிடித்து வந்தான். “நானா, வீட்டுக்கு வாங்க. உங்கள இங்க விட்டுட்டேன் எண்டு ஆக்கள் என்னைத்தான் ஏசுறாங்க” என்று அண்ணனைக் கூப்பிட்டான்.

“இரி, முதல்ல சாப்பிடு” என்றார் ஜாபிர்.

ருக்கியா பெருநாள் இனிப்பாக வட்டிலப்பம் அனுப்பினாள். றஞ்சிதம் வாழைப்பழச் சீப்போடு வந்து, பிள்ளையை ஜாபிரின் மடியில் விட்டுவிட்டுப் போனாள். மர்ஸூக் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். பிறகு தனியாகவே வண்டியில் ஏறினான்.

“மாசத்துக்கு ஒருக்கா வாறேன், நானா.”

“வா. ஆனா காலையில வராத, எனக்கு வேலை இருக்கு” என்றார் ஜாபிர்.