திருநீறு படாத நெற்றி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமியைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம். நான் தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுகிறவன். இப்போதும் அப்படித்தான்.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீடொன்றில் இருக்கிறோம். என் மனைவிக்கு அக்கி வந்தது, வலது புருவத்திலிருந்து உச்சந்தலை வரை. வழக்கப்படி காவி குழைத்துப் பூசினோம். கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்ததும் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். திருநீறு பூச அவள் நெற்றியில் விரலை வைத்தேன். அலறிவிட்டாள்.

"ஐயோ, நெருப்பையா வைக்கிறீங்க?"

"திருநீறு புள்ள."

"காத்து பட்டாலே எரியுதுங்க."

பார்த்தால் தழும்பு மட்டும்தான். கூடைக்கயிற்றைத் தலையில் மாட்ட முடியாததால் கொழுந்து பறிக்கப் போவதும் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று கேட்டாள்:

"புண்ணுதான் ஆறிருச்சே அக்கா, இன்னும் என்ன வேலைக் கள்ளம்?"

"மகாராணி ஆயிட்டேன்டி. நீ பறிச்சதக் கொண்டாந்து காட்டிட்டுப் போ" என்றாள் இவள். சிரித்தபோது நெற்றி சுருங்கியது. உடனே முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.

பதுளைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையானவர்.

"அக்கி மாறிட்டுது அம்மா. ஆனா அது நரம்பைப் பழுதாக்கிப்போட்டுது. குளிசை நோவைக் குறைக்கும். முழுசா மாறுமெண்டு என்னால சொல்லேலாது."

குளிசை போட்டால் வலி கொஞ்சம் மங்கும். கூடவே அவளும் மங்கிப்போவாள். பகலெல்லாம் சுவரில் சாய்ந்து தூங்குவாள், எழுந்தால் தலை சுற்றும். டாக்டர் மருந்தைக் கூட்டினார், குறைத்தார், வேறு தந்தார். நான் நேர்த்திக்கடன் வைத்தேன், விரதம் இருந்தேன். எதுவும் அந்த நெற்றிக்குள் போகவில்லை.

போன திருவிழாவில் கோயில் பெரியவர் ஒருவர் மைக்கில் எங்கள் கதையைச் சொன்னார், அம்மன் அருளால் அவள் பூரண சுகமடைந்தாள் என்று. நல்ல மனதோடுதான் சொன்னார். அவளோ முந்தானை நெற்றியில் படாதபடி கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும் வழியில் சொன்னாள்: "ஏங்க, எனக்குச் சொகமாயிருச்சாமே. என்கிட்டத்தான் யாரும் சொல்லல."



இப்போது திருநீற்றை அவள் உள்ளங்கையில் போடுகிறேன். நெற்றிக்கு நேரே கொண்டுபோய், தொடாமல், வாயில் போட்டுக்கொள்கிறாள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்பவர் மனம் ஆறட்டுமே என்று, கடைசியில் அவளுக்குச் சுகமாகிவிட்டது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இன்னும் ஆகவில்லை.