கோலி கேட்டு வாங்கிய பக்கம்

அந்தப் பருவத்தில் எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு நடந்தவற்றை வரிசைப்படுத்தினால் இப்படி வரும்:

1. ஆவணியில் முதல் ஆட்டம். தோற்றோம்.
2. அடுத்த ஆட்டத்துக்குள் நடுக்களத்தில் ஆடிய இரண்டு பேர் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட்.
3. ஐப்பசி மழையில் பழவேற்காட்டு ஏரி ஏறி வந்து மைதானத்தை எடுத்துக்கொண்டது. சொந்த ஊரில் ஆட வேண்டிய ஆட்டங்களையும் பொன்னேரிப் பக்கம் போய் ஆடினோம்.
4. மார்கழியில் பட்டியலின் கடைசி இடத்துக்கு வந்தோம்.
5. மாசியில் மைதானம் காய்ந்தது. அதற்குப் பிறகு ஊரில் ஆடிய எதிலும் தோற்கவில்லை.
6. மழையால் தள்ளிப்போன கடைசி ஆட்டம் கத்திரி வெயிலில் வந்து விழுந்தது. டிரா செய்தால் போதும்.
7. என் அண்ணன் டாஸ் வென்றான்.

ஏழாவதைப் பற்றித்தான் ஊரில் இன்றும் பேசுகிறார்கள்.

பட்டியலில் கடைசி இரண்டு இடங்களில் முடிக்கும் அணிகள் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். மற்ற ஊர்களுக்கு அது ஒரு வருத்தம், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு முயன்று ஏறிக்கொள்வார்கள். எங்களுக்கு அப்படியில்லை. இறங்கினால் அணியே இல்லை. அதற்குக் காரணம் பாடு.

முகத்துவாரத்துக்கு அருகில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் எந்த வீட்டார் அங்கே வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டெடுத்து முறை வைத்துக்கொள்ளும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறை வந்த நாளில் போகாதவனுக்குப் போனது போனதுதான். சுற்றி மறுபடி வரும்வரை ஏரி ஓரத்தில் கிடைப்பதை அரித்துக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் எங்கள் ஊரில் கல்யாணத் தேதியைக்கூடப் பாடு பார்த்துவிட்டுத்தான் குறிப்பார்கள்.

அணி இரண்டாம் பிரிவுக்கு ஏறிய ஆண்டு, ஊர்க்கூட்டம் சந்தோஷத்தில் ஒரு சலுகை கொடுத்தது. ஆட்ட நாளில் முறை விழுந்த ஆட்டக்காரன் வேறொரு வீட்டாரோடு நாளை மாற்றிக்கொள்ளலாம். கேட்கப்பட்ட வீட்டார் மறுக்கக் கூடாது. இரண்டாம் பிரிவில் இருக்கும்வரைதான் இது என்றும் சொன்னார்கள். அப்போது மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை.

அண்ணன்தான் அணித் தலைவன், கோல்கீப்பரும் அவனே. ஊரில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. சின்னப் பிள்ளைகள்கூடக் கோலி என்றுதான் அழைப்பார்கள். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தவறினான். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் படகில் ஏறினான். படகில் அவன் சுமாரான ஆள், அதை நைனாவே சொல்வார். கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்கும்போது மட்டும் அவனை வெளியூர்க்காரர்கள்கூட இன்னார் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். அணி போனால் அவனுக்கு என்ன மிஞ்சும் என்று நான் அந்த ஆண்டு அடிக்கடி யோசித்தேன்.

நான் பாலிடெக்னிக்கில் அளவைக் கருவிகள் படித்தவள். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் சரிபார்ப்பது வேலை. ஞாயிறு விடுமுறை. லீக்கின் விதிகள் ஆங்கிலத்தில் இருந்ததால் அவற்றைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அதிலிருந்து யார் யாரை வென்றால் நாங்கள் எங்கே நிற்போம் என்று கணக்குப் போடும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. மார்கழியில் அந்தக் கணக்கு எந்தப் பக்கமிருந்து போட்டாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

தோற்கத் தோற்க, முறை மாற்றிக்கொடுத்த வீட்டாரின் முகம் மாறியது. அமாவாசையை ஒட்டி இறால் நன்றாக ஓடும். அந்த நாளைக் கொடுத்துவிட்டு வெறும் நாளை வாங்கிக்கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? மீன் ஏலம் போடும் இடத்தில் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தி ஒரு திங்கட்கிழமை அண்ணனை நிறுத்தினாள்.

“இன்னா கோலி, நேத்து உன் வலையில மூணு வுயுந்துதாமே?”

அண்ணன் ஆமாம் என்றான்.

“எங்க வூட்டு வலையில வுயுந்திருந்தா கொயம்புக்காவது ஆயிருக்கும்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

மார்கழிக் கடைசியில் ஊர்க்கூட்டம் கூடியது. சலுகையை அப்போதே நிறுத்திவிட வேண்டும் என்று பலர் கேட்டார்கள். தோற்பதற்குப் போக வர எதற்கு நாள் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் தப்பில்லை. ஆட்டக்காரர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கால்பந்து என்றால் எத்தனை பேர் ஆடுவது என்றுகூடச் சரியாகத் தெரியாத நைனாதான் எழுந்தார். அவர் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

“எடுத்த மொறைய பாதியில புடுங்கற வயக்கம் நம்ம ஊர்ல கெடையாது. இந்த வருஷம் அவனுங்க மொறை. முடியட்டும். அப்பால பேசிக்கலாம்.”

அதை மறுத்துப் பேசினால் நாளைக்குத் தன் வீட்டு முறையிலும் கைவைக்கலாம் என்று ஆகிவிடும். பருவம் முடியும்வரை சலுகை நிற்கட்டும் என்று முடித்தார்கள்.

மாசியில் மைதானம் திரும்பக் கிடைத்ததும் எங்களுக்குக் காற்றும் திரும்பக் கிடைத்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் மைதானம் கிழக்கு மேற்காக இருக்கிறது. காலையில் மேற்கே நிலத்திலிருந்து வீசும் மேல்காற்று பிற்பகலில் விழுந்துவிடும். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குக் கடல்காற்று ஏறும். ஏறும்போது வேகமாக இருக்கும், பொழுது சாயச் சாயத் தளரும். அதனால் டாஸ் வென்றால் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டும் பக்கத்தைக் கேட்பான். முதல் பாதியில் காற்று எங்கள் பின்னால் இருக்கும். பக்கம் மாறி எதிரணிக்குக் கிடைக்கும்போது அதில் பாதி வேகம்கூட இருக்காது. ஏறுகாற்றை வாங்கிக்கொள்வது என்று இதற்குச் சொல்வார்கள். படகில் போகிறவன் செய்வதும் இதைத்தான்.

அப்படி ஊரில் புள்ளிகள் சேர்ந்தன. கடைசி ஆட்டத்துக்கு முன் நாங்கள் இறங்கும் இடத்துக்கு ஒரு படி மேலே நின்றோம். கடைசி ஆட்டத்தில் எங்களோடு மோதவிருந்தவர்கள் எங்களுக்கு ஒரு படி கீழே இருந்தார்கள். தோற்றால் அவர்கள் எங்களைத் தாண்டிவிடுவார்கள்.

ஆட்டம் திருவள்ளூரையும் தாண்டி மேற்கே ஒரு பள்ளி மைதானத்தில். இரண்டு பஸ் மாறிப் போனோம். அந்த ஞாயிறு அண்ணனுக்கே முறை விழுந்திருந்தது. மாற்றிக்கொடுத்த வீட்டார் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார்கள். திட்டித் தீர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பஸ்ஸில் அண்ணன் சொன்னான்.

நாலு மணிக்கு மைதானத்தில் மேல்காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. செம்மண் புழுதி கிழக்கே பறந்தது. அண்ணன் டாஸ் வென்றான். கிழக்குக் கோலைக் கேட்டான். அதாவது, அடிக்கிற காற்றை நேராக முகத்தில் வாங்கும் பக்கம். நடுவருக்கு அது விளங்கவில்லை. எந்தப் பக்கம் என்று இன்னொரு முறை கேட்டார். எதிரணித் தலைவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்துபோனதைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நானே பார்த்தேன்.

எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் மாமா மகன். அவன் மட்டும் அண்ணனிடம் வந்து கேட்டான்.

“இன்னா கோலி, மூஞ்சில அடிக்குதே?”

“மணி நாலு ஆச்சி. இப்ப மாறிடும் பாரு.”

மாமா மகன் கிழக்கே ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினான். மற்றவர்களும் அப்படியே. பதினோரு பேரில் ஒருவனுக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. நாலு மணிக்குக் கடல்காற்று இருக்கும் என்பது அவர்களுக்கு நாலு மணிக்குச் சூரியன் இருக்கும் என்பது மாதிரி.

காற்று மாறவில்லை. கோல் கிக் அடித்தால் பந்து மேலே போய் நின்றது, பிறகு அடித்தவனைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தது. அப்படித் திரும்பி வந்த ஒன்று அவர்கள் காலில் விழுந்து கோலானது. மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பையன்கள், பந்தை விட்டுவிட்டுத் துடுப்பு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அண்ணன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு முறை பந்து வெளியே போகும்போதும் தோளுக்கு மேல் கிழக்கே பார்த்தான்.

பாதி நேரத்துக்குச் சற்று முன் ஒரு கார்னரில் மாமா மகன் எப்படியோ முட்டியால் தள்ளி ஒன்று போட்டான். சமம். விசில் ஊதினார்கள்.

இடைவேளையில் எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார்கள். எதிர்க்காற்றில் ஒரு பாதியைக் கடத்தியாயிற்று. இனி அதே மேல்காற்று எங்கள் பின்னால். அண்ணன்கூட, தப்பாகக் கேட்டதும் ஒருவிதத்தில் நல்லதாயிற்று என்றான். நான் கணக்கைப் பார்த்தேன். இப்படியே நின்றால் போதும்.

அவர்கள் எழுந்து பக்கம் மாறி நின்றபோது மைதானத்து ஓரத்து வேப்பமரம் அசையாமல் நின்றது. புழுதி இருந்த இடத்திலேயே அடங்கியது. எங்கள் ஆட்கள் கிழக்கே திரும்பினார்கள். எங்கள் ஊரில் அந்த அமைதி எதற்கு முன்னால் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிறகு அது வந்தது. குளிர்ச்சியாக, கொஞ்சம் உப்பு வாடையோடு, கிழக்கிலிருந்து. ஓரத்தில் இருந்த உள்ளூர்க்காரர்கள் சட்டையை விரித்து வாங்கிக்கொண்டார்கள். மேற்குக் கோலில் நின்ற அண்ணனின் முகத்தில் நேராக அடித்தது.

“வந்துட்டான்பா,” என்றான் மாமா மகன்.

கடல்காற்று கரையில் எழுந்ததும் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போய்விடுவதில்லை. மேல்காற்று பலமாக இருக்கும் மாதத்தில் அதை நெட்டித் தள்ளிக்கொண்டு, சைக்கிளில் போகிறவன் வேகத்தில்தான் உள்ளே நகரும். எங்கள் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறியது அங்கே போய்ச் சேர அவ்வளவு நேரம் எடுத்தது. இதை அடுத்த வாரம் வேலை இடத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் தொழிற்சாலையும் கரையில்தான் இருக்கிறது. அங்கே இருக்கும் காற்றுமானியும் எங்கள் ஊர் ஆட்களைப் போலக் கரையில் அடிக்கும் காற்றை மட்டும் அறிந்தது.

இரண்டாவது கோல் ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் விழுந்தது. அவர்கள் கார்னர் அடித்தார்கள். வெளியே போக வேண்டிய பந்தைக் காற்று வளைத்து உள்ளே கொண்டுவந்தது. அண்ணனின் விரல் பட்டது. பட்டதை நான் பார்த்தேன். போதவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பொன்னேரியில் பழவேற்காடு பஸ் ஏறிய பிறகு சொன்னான்.

“நம்மள தாண்டிப் போன அப்பால அது எங்க போவுது, எப்ப போய் சேருதுன்னு நா ஒரு நாளும் நெனச்சிப் பாத்ததில்ல பாப்பா.”

யாரும்தான் நினைத்ததில்லை என்றேன். அது அவனுக்கு உதவவில்லை என்று தெரிந்தது.

அந்த வாரமே ஊர்க்கூட்டம் கூடியது. திட்டுவார்கள் என்று நினைத்துப் போனோம். யாரும் திட்டவில்லை. ஏலம் போடும் இடத்துப் பெரியம்மாகூட அண்ணனைப் பார்த்து, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாள். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது. கூட்டத் தலைவர் நைனாவைப் பார்த்தார், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று. சலுகையை இன்னும் ஓர் ஆண்டுக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். கேட்கச் சொல்லி மாமா மகன் நைனாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததும் எனக்குத் தெரியும்.

நைனா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

“மொறை முடிஞ்சிபோச்சி.”

மார்கழியில் எதை வைத்து அணியைக் காப்பாற்றினாரோ அதையே சொன்னார். அவரால் வேறு மாதிரி சொல்லியிருக்க முடியாது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அன்றிலிருந்து இருவரும் படகில் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

இப்போதைய நிலை இது. அணி மூன்றாம் பிரிவில் இருக்கிறது. முறை மாற்றும் சலுகை நின்றுவிட்டது. இந்த ஆவணியில் முதல் ஆட்டத்துக்கு ஏழு பேர்தான் தேறினார்கள், போகவில்லை. இரண்டாவதற்கும் போகவில்லை. மூன்று ஆட்டங்களுக்கு வராத அணியை நீக்கிவிடுவார்கள் என்பது விதி, அதை அவர்களுக்குப் படித்துச் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஆட்டம் வரும் ஞாயிறு. அன்று அண்ணனுக்கு முகத்துவாரத்தில் முறை. அவன் வலை கட்டப் போகிறான்.