லவுதிசேயாவின் ஏட்டில் விடுபட்ட சரிக்குறி

பிரேசிலின் நதால் நகரத்து ஆய்வகம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக இரத்தப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துவருபவர் லவுதிசேயா. மீனவர் வீட்டுப் பெண், பட்டப்படிப்பு இல்லை. ஆயினும் எந்தச் செல்லுக்குப் பசி, எது சாகப்போகிறது என்பதைக் குடுவை நீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஏட்டில் ஒரு சரிக்குறி இடுவது அவர் வழக்கம். இளையவர்கள் அவரை மரியாதையாக ‘டோனா’ என்று அழைப்பார்கள்.

அந்த ஜூலையில் ஆய்வு மாணவி தைனாராவுக்குத் தலைகால் புரியவில்லை. முதிராமலே பெருகிக்கொண்டு போவதுதான் அச்செல்களின் கோளாறு. கடற்பாசியிலிருந்து அவள் பிரித்தெடுத்ததோ, நூற்றுக்கணக்கான சர்க்கரைக் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. அதைக் கலந்த குடுவைகளில் நூற்றுக்கு ஐம்பது செல்கள் முதிர்ந்து, சோதனைச் சாயத்தில் நீலமாயின. வெள்ளிக்கிழமை முனைவர் பட்ட ஆய்வேட்டை அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை, நகல் எடுப்பதற்காக ஏட்டைப் புரட்டிய லவுதிசேயாவின் விரல் ஜூன் இருபத்துமூன்றில் நின்றது. உறைந்த செல்குப்பியை உருக்கியதற்குச் சரிக்குறி இருந்தது. உறையும்போது செல்கள் சாகாமலிருக்கச் சேர்த்த உறைதிரவத்தைக் கழுவி நீக்கியதற்கு இல்லை. அன்று மாலை சாவோ ஜோவான் திருநாள். சோளக் களி கிண்டவும் வாசலில் திருநாள் தீக்கு விறகு அடுக்கவும் அவசரமாகக் கிளம்பியவர் அவர். சர்க்கரை சேர்த்த குடுவைகள் யாவும் அந்தக் குப்பியிலிருந்து வந்தவை. விடுமுறை ஐந்து நாளும் அப்படியே இருந்தவை. ஒப்பிடுவதற்காகச் சர்க்கரை சேர்க்காமல் வைத்த குடுவைகளில் மட்டும், ஏற்கெனவே வளர்ந்துவந்த பழைய செல்கள். அந்த உறைதிரவமோ, தனியாகவே இச்செல்களை முதிரவைக்கக்கூடியது.

“தைனாரா, இங்க வாம்மா. உன் நீலத்துல எவ்வளவு உன் பாசியோடதுன்னு தெரியல.”

“என்ன டோனா சொல்றீங்க?”

“குப்பியக் கழுவாம விட்டுட்டேன்.”

தைனாரா நாற்காலியில் சரிந்தாள். “பத்தொம்போது வருஷத்துல ஒரே ஒரு தப்பு. அதுக்கு என் ஆய்வேடுதானா கெடச்சுது?”

“திட்டு. திட்டிக்கிட்டே கையுறைய மாட்டு.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது. ஏட்டுல இப்போ ஒரு சரி போட்டுட்டா யாருக்குத் தெரியும்?”

“செல்லுக்கு என் ஏட்டப் படிக்கத் தெரியாதே! நாளைக்கு வேற ஊர்ல எவனாவது கழுவிட்டுச் செய்வான். அப்போ உன் பேருதான் கரையில கெடக்குற பாசி மாதிரி நாறும்.”

“ஒண்ணுமே மிஞ்சலன்னா?”

“மிஞ்சுறத எண்ணிக் காட்டுவோம். எழுந்திரு.”

தைனாராவின் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரிடம் லவுதிசேயாவே நேரில் சென்று தவற்றைச் சொல்லி, மூன்று வாரம் தவணை வாங்கினார். இம்முறை ஒரே குப்பி; இருமுறை கழுவல்; அதே செல்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் சர்க்கரை. ஐந்தாம் நாள் தைனாரா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே எண்ணினாள். சர்க்கரை இல்லாததில் நூற்றுக்கு மூன்று நீலம், இருந்ததில் பதினெட்டு. பெருக்கமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

“ஐம்பது பதினெட்டாயிடுச்சு டோனா.”

“பதினெட்டும் பாசியோடது. எழுதிக்கோ.”

லவுதிசேயா ஏட்டின் ஜூன் மாதப் பக்கமும் பின்னிணைப்பாக ஆய்வேட்டில் சேர்ந்தது. தேர்வுக் குழுவில் ஒருவர், நீலம் சர்க்கரையால்தான் வந்தது என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். தைனாரா ஜூன் பக்கத்தையும் புதிய எண்ணிக்கைப் பக்கத்தையும் அருகருகே விரித்துக் காட்டினாள்.

அடுத்த ஜூன் இருபத்துமூன்று. முனைவர் தைனாரா ஆய்வகத்துக் கதவை மறித்து நின்றாள்.

“கழுவியாச்சா டோனா?”

“ரெண்டு தடவ. வழிய விடு, களி அடிப்பிடிச்சுடும்.”