பொரியும் பாசியும்

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் ஊரே கொடி கட்டிக்கொண்டிருந்தது. காஜா பேராங் தெருவில், எங்கள் வீட்டில், நான் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் தொங்காங்கில் மூட்டை இறக்கியவர். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு சுமக்கும் படகு அது. அதிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கடலைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. கூட வேலை செய்த மலாய்க்காரர் ஒருவர் சின்னக் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீரும், தீவுப் பக்கம் பிடித்த இரண்டு வரிமீன்களும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

அதற்கும் கேடு வந்தது. கண்ணாடியின் நாலு பக்கமும் பச்சைப் பாசி படர்ந்து, உள்ளே மீன் இருப்பதே தெரியாமல் போனது. தேங்காய் நாரால் தேய்ப்பேன். சைக்கிளில் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு போய்ப் புதுத் தண்ணீர் மொண்டு வருவேன். வெயில் படுவதால்தான் என்றார் மலாய்க்காரர். பழைய சாரோங் கைலியால் ஜன்னலை மறைத்தேன். பாசியைத் தின்னும் என்று கடல் நத்தைகளையும் கொண்டுவந்து விட்டார். மகராசிகள், பாசியை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார்கள். ஒருத்தியைப் பால் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

எதற்கும் பாசி மசியவில்லை. காரணம் எனக்குத் தெரியும், வாயைத் திறக்கத்தான் முடியாது. இவரைப் பார்க்க வருகிறவர்கள் பொரியோடு வந்தார்கள். கோயில் குளத்து மீனுக்குப் போட்டால் புண்ணியம், இதற்குப் போட்டால் மட்டும் இல்லையா? ஆளுக்கு ஒரு பிடி. "நல்லா தின்னட்டும், தம்பிக்குச் சீக்கிரம் கால் வந்துரும்" என்பார்கள். ஒரு குடம் தண்ணீர் கொள்ளும் தொட்டி அது. மீன் தின்னாத பொரி ஊறி, அழுகி, பாசிக்கு எருவாகும்.

"விடு புள்ள. மனசார போடறாங்க" என்பார் இவர்.

எனக்கு எரியும். இந்த ஜனம் வராமல் இருந்தால் போதும், இவர் மீனைப் பார்ப்பார் என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பேன்.

நித்தம் சாவாருக்கு அழுவார் உண்டா? மழைக்காலம் முடிவதற்குள் வருகிறவர்கள் குறைந்து, அப்புறம் நின்றே போனார்கள். மலாய்க்காரரும் வேலை தேடிக் கிள்ளான் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு ஒருநாள் தேய்த்த கண்ணாடி தேய்த்தபடியே இருந்தது. மறுபடி பச்சை ஏறவில்லை. கட்டிலிலிருந்தே மீனின் ஒவ்வொரு வரியும் தெரிந்தது.

"பாத்தீங்களா, எப்படி இருக்குன்னு!" என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "தெளிஞ்சிருச்சு" என்றார். பிறகு, "இனிமே யாரும் வரமாட்டாங்க, இல்ல?" என்று கேட்டார்.

மறுநாள் நானே கடையில் பொரி வாங்கி வந்து தொட்டியில் ஒரு பிடி போட்டேன். அவர் மீனைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.