கைசர் ஓடியதை மகள் சொன்ன அன்று

அன்று எங்கள் சமையலறையில் நான்கு பேர் இருந்தோம். நான், மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த, மகள் மாமி என்று கூப்பிடும் என் அக்கா. முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியின் கடைசிப் பேரரசராக இருந்த கைசரைப் பற்றி மகள் மறுநாள் வகுப்பில் பேசவேண்டும். மாமிக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொல்லிக்காட்டினாள்.

"சனம் எதிர்த்து எழும்பினவுடனே கைசர் பதவியை விட்டிட்டு, சண்டை முடிய முதலே ரயில் ஏறி ஒல்லாந்துக்கு ஓடிட்டார். சரியான பயந்தாங்கொள்ளி."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா சிரித்தார். "ஓடுறதைப் பற்றி உன்ர அப்பாவைக் கேள் பிள்ளை. அவருக்கு நல்லாத் தெரியும்."

"அப்பா, நீங்களும் சண்டைக்குப் பயந்தோ ஓடி வந்தனீங்கள்?"

நாளைக்கு வகுப்பில் இதையும் சொல்லிவிடுவாளோ? ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், "இல்லையம்மா, படிக்க வந்தனான்" என்றேன். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப வாறதுக்குக் காசு ஆர் தந்தது?"

அக்காவின் சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவரே உழைச்சுச் சேர்த்தவர்" என்றார்.

என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க, அக்கா தன் தாலிக்கொடியை விற்றார். பிறகு யாழ்ப்பாணத்திலேயே இருந்து சண்டை முழுவதையும் கண்டார். எனக்காகப் பொய்யும் சொன்ன அவருக்கு நான் இன்னும் திருப்பிக் கொடுக்காதது ஒன்றேமுக்கால் இலட்சம் ரூபாய்.